எல்லோருக்கும் ஒரே பெயர்

1975 டிசம்பர் 4, சியோல்

குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸ் ஊறுகாய், கிம்ச்சி, போட்டு முடித்தோம். விரலெல்லாம் மிளகாய் எரிச்சல். அந்தக் கையோடு நாவலின் கடைசிப் பக்கத்தையும் எழுதிவிட்டேன். ஒரு நகரம், அங்கே எல்லாப் பெண்களுக்கும் அரசு வைத்த ஒரே பெயர். ஒருத்தி மட்டும் சந்தை நடுவில் நின்று, அம்மா வைத்த தன் பெயரை உரக்கச் சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. இதற்கா மூன்று வருடம்?

டிசம்பர் 5

பதிப்பாளர் பியான் வாங்கிக்கொண்டார். "தணிக்கைக்கு அனுப்பறேன். நல்லபடியா திரும்பணும்னு வேண்டிக்கோங்க."

1976 ஜனவரி 13

தணிக்கை அலுவலகம். அந்த அதிகாரி என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். பார்லி டீ கொடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை.

"கதை நல்லாவே இருக்கும்மா. கடைசியில அவ மனசு மாறி, அரசு வெச்ச பேரையே ஏத்துக்கிட்டான்னு நாலு வரி எழுதிடுங்க. உடனே முத்திரை குத்திடறேன்."

"அப்படி எழுதினா அது வேற ஒருத்தியோட கதை, சார்."

அவர் காகிதங்களைப் புரட்டினார். "உங்க வீட்டுக்காரர் அரசுப் பள்ளிக்கூட ஆசிரியர்தானே?"

நாலு வரி. பத்து நிமிட வேலை. திரும்பும் பஸ்ஸில் அந்த நாலு வரியும் தானாகவே மனதில் ஓடியது. நன்றாகவும் வந்தது — அதுதான் பயமாயிருக்கிறது.

ஜனவரி 14

என் வீட்டுக்காரர் கிசொப்பிடம் சொன்னேன். என் கதைகளில் நாலு பக்கத்துக்கு மேல் அவர் படித்ததில்லை, தூங்கிவிடுவார். சாக்ஸ் ஓட்டையைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

"அவ பேரை மாத்திட்டா உனக்குத் தூக்கம் வருமா?"

"வராது."

"அப்ப விடு. நீ புரண்டுட்டே இருந்தா எனக்கும்தானே தூக்கம் கெடும்."

"உங்க வேலை?"

"பிள்ளைங்க எல்லா ஊர்லயும் இருக்கு."

சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன். இந்த மனுஷனை நான் என்னதான் பண்றது?

ஜனவரி 20

கைப்பிரதியைத் திரும்ப வாங்கிவிட்டேன். பியான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிப்ரவரி 24

கிசொப்புக்கு இடமாற்ற உத்தரவு. தெற்கே ஒரு தீவு. இருபத்தாறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி. வரைபடத்தில் தேடிப் பார்த்தார். "மீன் மலிவா கிடைக்கும்" என்றார். மடித்த வரைபடத்தை மறுபடியும் விரித்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 9, தீவு

காற்று. காற்று. ஒரு வரியும் எழுதவில்லை.

நவம்பர் 11

சிப்பி உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போகிறேன். இங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது, வாத்தியார் வீட்டம்மா. அவர்களும் அப்படித்தான். எல்லோரும் யாரோ ஒரு பிள்ளையின் அம்மா. ஹோசிக் என்பவனின் அம்மா, அறுபது வயதுக்காரி, கேட்டாள்: "என்னமோ எழுதுவியாமே? கொண்டாந்து படி. கைக்குத்தானே வேலை, காது சும்மாதான கெடக்கு?"

படிக்கலாமா? இங்கேயும் காட்டிக்கொடுக்க ஆள் இருக்காதா?

நவம்பர் 12

எடுத்துப் போனேன். முதல் அத்தியாயம் படித்தேன். நாளைக்கும் வேண்டுமாம்.

நவம்பர் 27

இன்று கடைசி அத்தியாயம். ஏழு பெண்கள். சந்தையில் அவள் தன் பெயரைச் சொன்ன இடத்தில் கத்திகள் நின்றன. ஹோசிக் அம்மா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"இவ ஒருத்திதான் சொன்னாளா? பக்கத்துல கருவாடு விக்கறவ வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"மத்தவங்களுக்குப் பயம், அக்கா."

"பயந்தா என்ன? அவளுக்கும் அவ ஆத்தா ஒரு பேரு வெச்சிருப்பால்ல?" கையிலிருந்த சிப்பியை உடைத்துக் கூடையில் போட்டாள். "என் பேரு மல்சூன். கல்யாணம் ஆனதுலேருந்து ஒருத்தரும் கூப்பிட்டதில்ல."

பிறகு மூலையிலிருந்து ஒருத்தி, "நான் ஒக்தன்" என்றாள். இன்னொருத்திக்கு வெட்கம், இரண்டு முறை கேட்டபின் சொன்னாள். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஜங்நிம்" என்றேன்.

நவம்பர் 28

கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். கருவாட்டுக்காரி வாயைத் திறந்ததும் சந்தை முழுக்கப் பெயர்கள். பன்னிரண்டு பக்கம் ஆகிவிட்டது, இன்னும் நிற்கவில்லை.

கிசொப் எட்டிப் பார்த்தார். "முடிவை மாத்தமாட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னியே?"

"மல்சூன் அக்கா சொன்னாங்க."