கெம்பனுக்குப் போட்ட அதே மருந்து

2 மார்ச் 2025, ஞாயிறு

கெம்பனுக்கு இன்று குளியல். எதிர்வீட்டு நிர்மலாக்கா தெருவுக்கே தண்ணீர்க் குழாயை இழுத்துப் போட்டு, ஷாம்பு தேய்த்து, துண்டால் துவட்டி, சீப்பு வைத்து வாரியும் விட்டாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். என்ன பெரிய சீமை நாயா? தளியில் அவள் தம்பியின் பூந்தோட்டத்தில் பிறந்த செம்பட்டை நாட்டு நாய். ஆனால் மினுமினு என்று இருக்கிறான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அசோக், நம் கேட்டைத் திறப்பதற்கு முன் எதிர்ப்பக்கம் போய் அவன் காதைச் சொறிந்து கொடுத்துவிட்டு வருகிறார். வீட்டில் சுண்டலும் பட்டாணியும் வாசல்படியில் காத்திருக்கின்றன. தாயும் மகளுமாக இரண்டு பூனை. அவற்றைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே வந்து, "டீ இருக்கா வினிதா?" என்கிறார். கட்டிய மனுஷனே எதிர்வீட்டு நாய்க்கு அடிமை.

சுண்டல் கழுத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறாள். நிர்மலாக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "கெம்பனுக்கு உண்ணி வந்தப்போ டாக்டரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாரும்மா. பிடரியில விட்டா ஒரு மாசத்துக்கு ஒண்ணும் கிட்ட வராது. டாக்டரு நம்பரு தரட்டா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் இவளிடமே போய் நிற்க வேண்டுமா?

8 மார்ச்

கம்பெனி பஸ்ஸிலிருந்து இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, கால்நடை மருந்துக் கடைக்குப் போய், உண்ணிக்குப் பிடரியில் விடும் அதே சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கிவிட்டேன். அட்டையிலிருந்து இரண்டு குப்பியைக் கத்தரியால் வெட்டிக் காகிதத்தில் சுற்றித் தந்தார் கடைக்காரர். மாத்திரை வெட்டித் தருவது போலத்தான். சாயங்காலமே இரண்டுக்கும் பிடரியில் விட்டாயிற்று. பட்டாணி என் கையைப் பிறாண்டிவிட்டாள், கழுதை.

அடுத்த ஞாயிறு நானும் வாசலில் உட்கார்ந்து சீப்பு வைத்து வாரிவிடப் போகிறேன். பார்க்கட்டும்.

9 மார்ச்

சுண்டல் முன்னங்காலை உதறிக்கொண்டே இருக்கிறாள். பட்டாணி கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை.

11 மார்ச்

நேற்று எழுத முடியவில்லை.

சுண்டல் ஆட்டோவிலேயே போய்விட்டாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. என் துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்தேன். கால்நடை ஆஸ்பத்திரியில் பட்டாணியைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அதுவும் போயிற்று. டாக்டர் ஏதேதோ சொன்னார், என் காதில் எதுவும் ஏறவில்லை.

ஏரிக்கரையில் ஒரே குழியில் வைத்தோம். அசோக் அழுதார். அவர் அழுததைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு நாள் காதைச் சொறிந்து கொடுத்திருக்கலாமே!

14 மார்ச்

தேர் பார்க்கத் தெருவே கிளம்பிப் போயிற்று. நான் போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் கெம்பன் மல்லாந்து படுத்து வெயில் காய்கிறான்.

அதே மருந்துதானே? அவனுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை? என் வீட்டு இரண்டு உயிரையும் எடுத்துக்கொண்டு, அவள் வீட்டில் மினுமினுப்பாக உட்கார்ந்திருக்கிறது அந்த மருந்து. சாமிக்குக் கண் இருக்கிறதா இல்லையா?

சாயங்காலம் நிர்மலாக்கா வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாள். நான் சொன்னேன்: "அது மருந்தே இல்லக்கா, விஷம். என் பிள்ளைக ரெண்டும் போயிருச்சு. உங்க கெம்பனுக்கும் என்னைக்கு வேணா வரலாம்."

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "அய்யோ ராமா! அடுத்த வாரம் கெம்பனுக்குப் போடணுமே!" என்றாள். நேராக வீட்டுக்குப் போய், மீதிக் குப்பியைக் கொண்டுவந்து என் கண் முன்னாலேயே குப்பை வண்டியில் போட்டாள்.

எழுதத்தான் வேண்டும். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளும் கொஞ்சம் பயப்படட்டும் என்று இருந்தது.

18 மார்ச்

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இந்த ஊரில் நாய் பூனை மருந்து விற்பவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள், எதற்கு என்றுகூடக் கேட்காமல் வெட்டித் தருகிறார்கள் என்று எழுதினேன். நாற்பது பேர் கைகூப்பி அழும் பொம்மை போட்டார்கள்.

கடைக்கும் போய்க் கத்திவிட்டு வந்தேன். அவன் அமைதியாக, "நீங்க என்ன சொல்லி வாங்கினீங்கம்மா, அத மொதல்ல சொல்லுங்க" என்றான். திமிர் பிடித்தவன். நான் நிற்கவில்லை, வந்துவிட்டேன்.

30 மார்ச், யுகாதி

நிர்மலாக்கா ஒப்பட்டும் நெய்யும் கொண்டுவந்தாள், பருப்புப் போளிக்கு இங்கே அதுதான் பேர். கெம்பனும் பின்னாலேயே வந்தான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி ஒரு மாதிரி நாற்றம். காதுக்குள் பட்டாணி அளவில் இரண்டு உண்ணி. கழுத்துப் பட்டைக்கு அடியில் இன்னும் நிறைய.

"டாக்டர்ட்ட கேட்டீங்களாக்கா?"

"எதுக்கும்மா? நீ சொன்னதுக்கப்புறம் அந்த மருந்தெல்லாம் கிட்டயே சேக்கறதில்ல. எங்க தம்பி வேப்பெண்ணெ போதும்னு சொல்லிக்கினு இருக்கான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஒப்பட்டைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டேன்.

12 ஏப்ரல்

"கெம்பன் ஏன் இப்பல்லாம் எந்திரிச்சே வர மாட்டேங்குறான்?" என்று அசோக் கேட்டார். வெயில் என்றேன்.

16 ஏப்ரல்

காலையில் கெம்பனுக்கு மூக்கில் ரத்தம். நிர்மலாக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "வினிதா, நீயும் கூட வாம்மா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல!"

ஷிஃப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இன்று எனக்கு வீக்லி ஆஃப். அவள் ஆட்டோவில் போகிறவரை கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் இருப்பார். என்னைப் பார்த்தால் அடையாளம் தெரியும்.

சரி. இன்றைக்காவது எழுதித் தொலைக்கிறேன். இந்த நோட்டிடமும் பொய் சொன்னால் நான் எங்கே போய் விழுவது?

அன்றைக்கு டாக்டர் சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. "இது நாய்க்கு உண்டான மருந்தும்மா. நாய்க்கு ஒண்ணும் பண்ணாது. பூனை உடம்பு இதத் தாங்காது. பெட்டியில பூனைப் படத்த அடிச்சுப் போட்டிருப்பாங்களே, பாக்கலயா?" பெட்டி ஏது? வெட்டித்தானே வாங்கினேன்.

அதற்கு முன்னால் கடையில் நடந்ததையும் எழுத வேண்டும். கடைக்காரர் கேட்டார். கேட்கவே இல்லை என்று ஊரெல்லாம் சொன்னேனே, கேட்டார். "நாய்க்குத்தானே?" பக்கத்தில் ஒரு பெண், ராஜா மாதிரி இருந்த ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் இதே கடையில் பூனைக்கு மருந்து கேட்டபோது, "பூனைக்கு எதுக்கும்மா, அதுவே நக்கிக்கும்" என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் ஆமா என்றேன்.

"எத்தன நாய்?"

"ரெண்டு."

"சின்னதா பெரிசா?"

பெரிசுன்னு சொன்னேன். எதிர்வீட்டு நாயவிடப் பெரிசுன்னு சொன்னேன்! யார் கேட்டா அத? ரெண்டு நிமிஷம் நானும் ரெண்டு பெரிய நாய் வச்சிருக்கற பொம்பளையா நிக்கணும்னு ஆசப்பட்டேன். அதுக்குத்தான் அவரு பெரிய குப்பியா வெட்டிக் குடுத்தாரு. மூணு கிலோகூட இல்ல என் பட்டாணி.

17 ஏப்ரல்

உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் உறையவில்லை, ஈறெல்லாம் வெள்ளைக் காகிதம் போல் இருக்கிறதாம். குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டிவந்திருக்கிறார்கள். தினமும் கொண்டுபோக வேண்டும்.

"மருந்து ஏன் நிறுத்தினீங்கன்னு டாக்டரு ஒரே சத்தம்மா. யாரோ சொன்னாங்கன்னு சொல்லிட்டேன். உன் பேரச் சொல்லல. பாவம், நீயே ரெண்டு உசிர வுட்டுட்டு நிக்கறே" என்றாள் நிர்மலாக்கா.

இதற்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

19 ஏப்ரல்

சொல்லிவிட்டேன். அவள் வீட்டு ஹாலில், கெம்பன் படுத்திருந்த சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. கடை, டாக்டர், எல்லாம். அழாமல் சொன்னேன்.

அவள் ஒன்றும் கத்தவில்லை. கெம்பனின் வாயோரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரு உனக்கு அன்னிக்கே சொல்லிட்டாரா?"

"ஆமாக்கா."

"அப்புறம்தான் எங்கிட்ட வந்து விஷம்னு சொன்னியா?"

"ஆமா."

"ஏன்?"

"உங்களோடது உயிரோட இருந்துச்சு" என்றேன். அது மட்டும்தான் காரணம். வேறு ஒன்று இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

துடைத்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "எழுந்து போ" என்றாள்.

21 ஏப்ரல்

கெம்பன் காலையில் இறந்துவிட்டான். தளியிலிருந்து அவள் தம்பி வேன் கொண்டுவந்தான். போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். அசோக் ஒரு பக்கம் பிடித்தார். நான் எங்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

22 ஏப்ரல்

தெரு குரூப்பில் நான் எழுதியது பொய், நாய்க்கு அந்த மருந்தை டாக்டர் சொன்னால் தைரியமாகப் போடுங்கள், பூனைக்குப் போடாதீர்கள், பெட்டியைப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று போட்டேன். யாரும் ஒரு பொம்மையும் போடவில்லை. ஒருவர் மட்டும், எந்தக் கடை என்று கேட்டிருந்தார். கடைமேல் தப்பில்லை என்று எழுதினேன். பிறகு, வெட்டிக் கொடுத்தது தப்புதான் என்றும் எழுதினேன்.

4 மே, ஞாயிறு

தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து நிர்மலாக்கா கேட்டில் வந்து நிற்கிறாள். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிறாள். "வயித்தெரிச்சல் புடிச்சவளே, ஒரு வாயில்லா ஜீவன் உனக்கு என்னாடி பண்ணுச்சு?" பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். இரண்டு வாரமாக ஒரு நாள் தவறவில்லை. கத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். அதற்குப் பிறகு கோலம் போடுகிறாள், சாப்பிடுகிறாள், நேற்று தம்பியோடு போனில் பேசும்போது ஒரு தடவை சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

வேறு வீடு பார்த்துவிடலாம் என்கிறார் அசோக். வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை, இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவளுக்குத் திட்டுவதற்கு எதிர்வீட்டில் நான் இருக்கிறேன். சுண்டலுக்கும் பட்டாணிக்கும் நான் யார் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவேன்? அவள் தொண்டை கிழியக் கத்தும்போது, நான் டிபன் பையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நாளை காலை ஷிஃப்ட். ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். அதற்குள் அவளும் எழுந்திருப்பாள்.