ஆறாவது ரீலைப் பற்றி ஒரு திருத்தம்

என் அன்பு மாப்பிள்ளை எட்வின்,

நீ சொன்னதுதான் சரி. அந்தப் பறக்கும் வீரன் படத்தில் நான் கண்டுபிடித்த தவறுகள் தவறுகளே இல்லை. குவைத்திலிருந்து உன் சாமான்களோடு வந்த போனில் முழுப்படமும் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஜெனி அதைப் போட்டுக் காட்டினாள். ஆறாவது ரீலை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

உனக்கு எல்லாம் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது சித்தூரில் ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஓட்டுவார்கள். ஊருக்குள் இருக்கும் தியேட்டரில் ஓடி முடிந்த ரீல்களை, இரண்டு மூன்றாகத் தகர டப்பாவில் வைத்து, ஊர் எல்லையில் இருக்கும் தியேட்டருக்கு நீ மொபெட்டில் கொண்டுபோவாய். என் தங்கை கிரேஸைக் கட்டும்போது உனக்கு அதுதான் வேலை. நான் திருப்பதியில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபர். சனிக்கிழமையானால் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, எல்லைத் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். இடைவேளைக்கு முன் கொட்டும் மழையில் வீரனின் சிவப்பு அங்கி இரண்டாகக் கிழிகிறது. இடது கையில் பெரிய கட்டு. இடைவேளை முடிந்து உட்கார்ந்தால் அங்கி முழுசாக இருக்கிறது, கட்டைக் காணோம், மழையையும் காணோம். மூன்றையும் குறித்துக்கொண்டு, சினிமாப் பக்கத்தில் பெட்டிச் செய்தியாக எழுதினேன். இடைவேளை முக்கால் மணி நேரம் நீண்டதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை. வெளியே நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

பேப்பரைப் படித்துவிட்டு நீ சிரித்தாய்.

"இன்னா மச்சான், நிருபர்னு சொல்லிக்கினு இப்டி எழுதிட்ட? ஜூஸ் பாக்டரி முன்னால மாங்கா டிராக்டருங்க வரிசையா நின்னுக்கினு இருந்துச்சி, நான் மாட்டிக்கினேன். லேட்டு ஆயிடுச்சின்னு ஆபரேட்டரு ஆறாவது ரீல வுட்டுட்டு ஏழாவத ஓட்டிட்டாரு. அத்தோட வுடு."

"சும்மா அளக்காத மாப்ள. ஒரு ரீலே காணாம போனா ஜனங்க சும்மா இருப்பாங்களா?"

"நீயே சும்மாதான இருந்த?"

அந்தப் பதில் எனக்குச் சுட்டது. எதையும் இரண்டு பக்கமும் விசாரிப்பது என் தொழில் பழக்கம். திங்கட்கிழமை காலை தியேட்டர் மேனேஜரிடம் போனேன். எல்லா ரீலும் ஓடியது என்று அவர் அடித்துச் சொன்னார். "மீக்கு எவரு செப்பாரு?" என்றார். யார் சொன்னது என்று அவர் தெலுங்கில் கேட்டதும், நான் உன் பெயரைச் சொன்னேன்.

தகவல் தந்தவர் பெயரைச் சொல்ல எத்தனையோ பேரிடம் மறுத்திருக்கிறேன். போலீஸ் அதிகாரி கேட்டும் மறுத்திருக்கிறேன். இது சினிமாதானே என்று நினைத்தேனா? வாதத்தில் உன்னை ஜெயிக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

ரீல் விட்டுப்போனதை வெளியே சொன்னாய் என்று அந்த வாரமே உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேறெந்தத் தியேட்டரிலும் சேர்க்கவில்லை. மாங்காய்ப் பருவம் முடியும்வரை அதே ஜூஸ் பாக்டரியில் மாங்கூழ் டிரம் உருட்டினாய். பிறகு பக்கத்து ஊரான குடிபாலாவிலிருந்து போன இரண்டு பேரோடு குவைத்துக்குப் போனாய். ஜெனிக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை.

அங்கிருந்தும் நீ அந்தப் படத்தை விடவில்லை. "மச்சான், ஒத்துக்கினியா இல்லியா?" என்றுதான் போனில் ஆரம்பிப்பாய். "ஆதாரம் எங்க?" என்பேன். "வரும்போது எட்தாறேன்" என்பாய். அங்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்வரை எனக்கு வேறு எதையும் பேச வேண்டியிருக்கவில்லை.

கிரேஸ் பேசினாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், "எவன் போட்டுக் குட்த்தானோ, அவன் நல்லா துன்னட்டும்" என்று சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுவாள். நான் சாப்பிடுவேன்.

சென்ற கோடையில், அறையில் தூங்கியபடியே உன் இதயம் நின்றுவிட்டதாகக் காகிதம் வந்தது. சென்னை விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு உன்னை வாங்கியவன் நான்தான்.

ஆறாவது ரீலில் மழை விட்டு நான்கு நாள் ஆகிறது. வயதான தையல்காரர் ஒருவர் அங்கியைத் தைத்துத் தருகிறார், கைக்கட்டைப் பிரித்துவிடுகிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் தைக்கும்போது அவர் மூக்கில் இருந்த கண்ணாடி அடுத்த ஷாட்டில் இல்லை, நூல் கோர்க்கும்போது மறுபடி இருக்கிறது. இது நிஜமான தவறு, எட்வின். இதற்கு நீ என்ன சாக்குச் சொல்லியிருப்பாய்?

படம் முடிந்ததும் ஜெனி சொன்னாள்: "நைனா எப்பவும் சொல்லும் மாமா. உன் மாமா ஒரு நாளு தானாவே வந்து ஒத்துக்குவாருன்னு."

எதை என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் அத்தனை வருடமும் அங்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாயா?

தவறான செய்திக்கு மறுநாளே, அதே பக்கத்தில், திருத்தம் போட வேண்டும். காலம் கடந்து போடுகிறேன். படத்தில் நான் சொன்ன தவறுகள் இல்லை. எட்வின் சொன்னது உண்மை. அவன் பெயரை மேனேஜரிடம் சொன்னவன் இந்த நிருபர்.

கிரேஸ் பத்திரிகை படிப்பதில்லை. அதனால்தான் அச்சில் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போவேன். அவள் சோறு போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஒத்துக்கொண்ட உன் மச்சான்,
கிரேஸின் அண்ணன்