வடிகாலில் கட்டிய துணி

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஏழரைக்கே வெயில் சுள்ளென்று. மதியத்திலிருந்து காற்று. மாடியில் பறித்தது: தக்காளி ஒன்றரை கிலோ, கொத்தவரை இரண்டு கைப்பிடி, பீர்க்கங்காய் இரண்டு (ஒன்று முற்றல்). கத்தரியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் தெளிக்க முடியவில்லை, காற்றில் பாதி என் முகத்துக்கே வருகிறது.

சாந்தி துவைக்க வந்திருந்தாள். எங்கள் பக்கத்துப் போர்ஷன். கார்மென்ட்ஸில் தையல். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. துணியைக் கல்லில் அடித்துக்கொண்டே, "அக்கா, உங்க பீர்க்கங்கொடி என் துணிக்கொடில ஏறுது பாருங்க. என் பக்கம் காய்ச்சா எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். நீ பறிக்காதபடி கத்திரிக்கோலை மறைத்து வைக்கிறேன் என்றேன். சிரித்தாள். பேச்சுத்துணைக்கு இந்த வீட்டில் அவள்தான்.

மாலை நாலரைக்குப் பேய்க்காற்று. பிறகு மழை, ஆலங்கட்டியோடு. ஒரு மணி நேரம். தக்காளிச் செடிகள் என்ன ஆயினவோ. மின்னல் அடித்ததால் கணவன் ரவி மாடிக்கு விடவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஆறு மணிக்கு மேலே போனேன். மாடி முழுக்கக் கணுக்கால் தண்ணீர். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தக்காளி நாலு செடி ஒடிந்தது. கீரை வளரும் மண் பைகள் தப்பித்தன.

வடிகால் மூலையில், பைகளுக்குப் பின்னால் கையை விட்டேன். துணி. டிசம்பரில் நானே கட்டியது. மழைநீர் எல்லாம் வீட்டுக்காரரின் சம்புக்கு, அதாவது நிலத்தடி நீர்த்தொட்டிக்குப் போகிறது. போன மழைக்காலத்தில் என் பைகளிலிருந்து செம்மண் கரைந்து அதில் இறங்கியது. "மேடம், சம்புல டிகாஷன் மாதிரி தண்ணி வருது" என்றார். ரோஷம். பழைய சேலைத் துண்டை இரண்டாக மடித்து வடிகால் வாயில் கம்பி வைத்துக் கட்டிவிட்டேன். கோடையில் அவிழ்க்க நினைத்து மறந்தே போனேன். அதன்மேல் நாலு மாதத் தென்னைநார்த் தூளும் சருகும் அடையாக ஒட்டிக்கிடந்தன. பிடுங்கியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. துணியைப் பிழிந்து குப்பைப் பையில் போட்டேன்.

அப்போது எனக்கு வேறு எதுவும் தெரியாது. இது உண்மை. எழுதி வைக்கிறேன்.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் ராமண்ணா கூப்பிட்டார், வழக்கம்போல் கன்னடமும் தமிழும் கலந்து. அவர்கள் இருப்பது எங்களுக்கு மேலே, மாடிக்குக் கீழே. படுக்கையறை உள்கூரையில் பெரிய ஈரத் திட்டு. சுவிட்ச் போர்டு வரை ஒழுகியிருக்கிறது. "யுகாதிக்குத்தான் பெயின்ட் அடிச்சது, நோடி மேடம், பாருங்க." முட்டிவலிக்காரர், மாடி ஏறமாட்டார். பிளம்பரைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார்.

பதினொன்றுக்கு மீட்டிங் என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன். மீட்டிங் பன்னிரண்டுக்கு.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேகமூட்டம். காற்று குறைவு.

பிளம்பர் எட்டு மணிக்கு வந்தார். நானும் மேலே நின்றேன். வேலைக்குக் கிளம்பிய சாந்தியும் டிபன் பையோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சரசரவென்று போனது. "டிரெயின் க்ளியரா இருக்கு. ஒரு மழைக்கு இவ்ளோ ஊறாது. எங்கயோ டெய்லி தண்ணி நிக்குது" என்றார். கண் துவைகல் பக்கம் போனது.

என் கண் என் இருபத்திரண்டு பைகள் பக்கம் போனது. தினமும் தண்ணீர் விடுபவள் நான். யாரும் அதைச் சொல்லவில்லை. நானும்தான்.

கீழே ராமண்ணா சாந்தியிடம்: "இனிமே மேல துவைக்க பேடாம்மா."

"எங்க போர்ஷன்ல எங்க சார் துவைக்கிறது? கக்கூஸ்லயா? வாரத்துல ஒருநாள் துவைச்சதுக்கா உங்க கூரை ஊறிச்சு?"

"வாய் ஜாஸ்தி ஆயித்து உனக்கு."

"வாய் இல்லன்னா உங்களுக்கு வசதிதான் சார்."

நான் படியில் நின்று கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேல் உருவிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

பந்தலை நிமிர்த்தினேன், நைலான் கயிறு. மதியம் காற்று திரும்ப. பீர்க்கம்பூக்கள் கொட்டிக் கிடந்தன.

சாந்தியை மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். துவைத்ததற்கு இல்லை, எதிர்த்துப் பேசியதற்கு.

ரவியிடம் துணி விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டிலிருந்து நிமிரவில்லை. "நீ ஏன் போய் வாயக் கொடுக்கிற? முதல்ல உன் தொட்டிய எல்லாம் இறக்குன்னுதான் சொல்வார்."

அதுதான் பயம். மூன்று வருஷ மண். கொத்தவரை இப்போதுதான் நன்றாகப் பிடித்திருக்கிறது, இன்னும் மூன்று வாரம் காய்க்கும். ஒரு பக்கம் காய், ஒரு பக்கம் ஒருத்தியின் வீடு. இப்படி எழுதிப் பார்த்தால் யோசிக்கவே ஒன்றுமில்லை. ஆனாலும் யோசிக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தக்காளி முக்கால் கிலோ. ஆலங்கட்டி பட்டவை தனியாக, இரண்டு நாளில் அழுகிவிடும். ரசத்துக்கு.

நேற்று எழுதவில்லை. சொல்லவும் இல்லை. மாலை சாந்தி வீட்டு ஜன்னலில் ஈரத்துணி. அறை முழுக்கக் கயிறு கட்டி உலர்த்தியிருக்கிறாள். என்னைப் பார்த்து, "கடல்ல கப்பல் மாதிரி இருக்குக்கா, பாய்மரம்தான் பாக்கி" என்றாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 12, சனி

சொல்லிவிட்டேன்.

முதலில் மேலே. ராமண்ணா காபி குடித்துக்கொண்டிருந்தார். துணி, டிசம்பர், திங்கள் காலை, எல்லாம். அவர் எழுந்து கத்துவார் என்று புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். அவர் சிரித்தார்.

"அய்யோ, இஷ்டேனா, இவ்ளோதானா? நம்ம சம்பு கெடக்கூடாதுன்னு நல்லதுக்குத்தானே கட்டினீங்க மேடம். பெயின்ட்தானே, விடுங்க. செடியெல்லாம் இருக்கட்டும், அந்த மூலைய மட்டும் காலியா வெச்சுக்குங்க."

ஐந்து நாள் எதற்குப் பயந்தேனோ அது இவ்வளவுதான். துணியைக் கட்டியது சாந்தியாக இருந்தால் இதே சிரிப்பு வந்திருக்குமா? கேட்கவில்லை. "அப்ப சாந்தி போக வேண்டாமே" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கறதுன்னா இருக்கட்டும். வாயக் கொஞ்சம் அடக்கச் சொல்லுங்க."

அவள் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை வாசலில் நின்றேன். சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"எப்பத் தெரியும்க்கா?"

"திங்கட்கிழமை காலையிலயே."

"அப்ப பிளம்பர் வந்தப்ப..."

"தெரியும்."

"உங்க பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன்."

அவள் பூட்டைத் திறந்தாள். "இங்க ஹெப்பகோடிலயே இன்னும் உள்ள தள்ளி ஒரு ரூம் பேசிட்டேன், நேத்து. திங்கட்கிழமை பண்டிகை லீவு, அன்னிக்குப் போறேன்."

ராமண்ணா இருக்கச் சொல்லிவிட்டார், போக வேண்டாம் என்றேன்.

"அவரு சொல்லிட்டாரு. நான் எப்படிக்கா இருக்கறது இங்க?"

'இங்க' என்று சொன்னபோது மேலே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வடிகால் மூலையிலிருந்து ஆறு பைகளை இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மிளகாய்ச் செடி வேரோடு போனது.

பன்னிரண்டு வரை மாடியில் இருந்தேன். சாந்தி துவைக்க வரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. காற்று இல்லை. மாங்காய்ப் பச்சடியில் உப்பு அதிகம், ரவி சொல்லாமல் சாப்பிட்டான்.

ஒன்பது மணிக்கு டெம்போ. கட்டில், தையல் மிஷின், மூன்று மூட்டை. தக்காளியும் கொத்தவரையும் ஒரு பையில் கொண்டு போய் நீட்டினேன்.

"வேணாம்க்கா. அங்க அடுப்பு வெக்கவே ரெண்டு நாளாகும்." மரியாதையாகத்தான் சொன்னாள். டிரைவர் பக்கத்தில் ஏறி, மடியில் டிவியை வைத்துக்கொண்டாள்.

டெம்போ திரும்பியதும் ராமண்ணா பால்கனியிலிருந்து: "மேடம், அந்தப் போர்ஷனுக்கு உங்கள மாதிரி டீசன்ட்டா யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

சரி, பார்க்கிறேன் என்றேன்.