ஐந்து மணிக் கரடி

குதைபியா, மனாமா
21.10.1993

அன்புள்ள சுஷ்மிதா அப்பாவுக்கு,

ஜெயலட்சுமியின் நமஸ்காரம். நானும் குழந்தையும் சௌக்கியம்தான். ஏ.சி. ரிப்பேர்க்காரன் இரண்டு தடவை வந்தும் தண்ணீர் சொட்டுவது நிற்கவில்லை. கீழே அடுக்கு வைத்திருக்கிறேன். ஸ்கூலில் இன்னொரு கிளாஸையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை போனில் பேசினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்கே சவூதியில் ஜுபைல் கேம்ப்பிலும் நம் பஹ்ரைன் டிவி எடுக்கிறது என்று சொன்னது நீங்கள். ஐந்து மணிக் கார்ட்டூனுக்கு முன்னால் வரும் கார்ன் ஃப்ளேக்ஸ் விளம்பரத்தில் கரடி பால் கிண்ணத்தில் குதிக்கும்போது நானும் பார்த்துக்கொண்டிருப்பேன், அப்பாவுக்குக் கை காட்டு என்று குழந்தையிடம் ஏற்பாடு செய்ததும் நீங்கள். ஆறு வயசு. விளம்பரக்காரன் சொல்வதையே நம்புகிறவள், அப்பா சொன்னால் நம்பமாட்டாளா? தினமும் காட்டினாள். டப்பாமேல் இருக்கும் அந்தக் கரடிப் படத்துக்காக, இந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காத அந்தச் சக்கையை டப்பா டப்பாவாக வாங்கினேன்.

இன்னிக்குக் கரடி என்னப்பா பண்ணித்து என்று போனில் கேட்டாள். கிண்ணத்தில் குதித்தது என்றீர்கள். அந்த விளம்பரம் மாறி ஒரு மாதமாகிறது. இப்போது கரடி ராக்கெட்டில் போகிறது.

அவள் அழவில்லை. ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டுப் போய் ஸ்கூல் பையை அடுக்கினாள். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு டிவி பக்கமே வருவதில்லை. கூப்பிட்டால் ஹோம்வொர்க் இருக்கு என்கிறாள்.

உங்கள் ரூமில் இருக்கும் பத்மநாபன் இன்று கடல் பாலம் தாண்டி இங்கே வந்திருந்தார். டிவி ரிப்பேரா என்று கேட்டேன். பாவம், மென்று முழுங்கினார். டிவி நன்றாகத்தான் ஓடுகிறது, சார்தான் டூட்டி முடிந்து வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார், மாசக்கணக்காக யாரோடும் பேச்சில்லை என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எலுமிச்சை ஊறுகாயைக் கட்டிக் கொடுத்தேன். எனக்கும் சில நாளாக எதுவும் உறைப்பதில்லை.

இந்தக் கடிதத்தையும் அவரிடமே தருகிறேன். குழந்தையிடம் புதிதாக ஏதும் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஒரே ஒரு நாள், ஐந்து மணிக்கு எழுந்து டிவி முன்னால் உட்காருங்கள். அவள் வரமாட்டாள். அவள் இடத்தில் இப்போது நான்தான் உட்காருகிறேன். ராக்கெட் கிளம்பும்போது, அவள் பார்க்காத சமயமாக, கை காட்டுகிறேன்.

உங்கள்
ஜெயலட்சுமி