காரமே இல்லை என்றேன்

ஆகஸ்ட் 30, சனி

இந்த வருஷத்து மிளகாய் இன்று வந்து இறங்கியது. என் தம்பி எலோய் காலையிலிருந்து எங்கள் பர்கர் கடைக்குப் பின்னால் கம்பி உருளையில் கொட்டிச் சுட்டுக்கொண்டிருந்தான். தோல் கருகும் வாசனை தெருமுனை வரைக்கும். அந்த வாசனைக்கே மத்தியானம் கூட்டம் கூடுதல். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ அவனே காய்த்துத் தொங்கிய மாதிரி.

பெருஞ்சாலை ஓரத்துச் செயின் கடையில் 'பச்சை மிளகாய் பர்கர்' என்று ஆளுயரப் பலகை வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் வயிறு எரிந்தது. வேவு பார்க்கப் போனேன். எலோயின் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கவுன்டரில் நின்ற பெண், "வாங்க மிசஸ் பாக்கா, என்ன வேணும்?" என்றாள். இந்த ஊரில் ஒரு திருட்டுத்தனம் செய்ய வழியில்லை.

என் தீர்ப்பு: பன் வெறும் பஞ்சு. கறிவடை செருப்பு அட்டை. மிளகாய் என்று டப்பாவிலிருந்து நாலு பச்சைத் துணுக்கு. அலாஸ்காவில் வாங்கினாலும் இதே ருசிதானாம், அதில் அவர்களுக்குப் பெருமை வேறு. உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் — சரி, இதை யார் படிக்கப் போகிறார்கள் — நன்றாகத்தான் இருந்தது. முழுசும் தின்றேன்.

செப்டம்பர் 3, புதன்

என் மகன் தீனோ போன் செய்தான். சனிக்கிழமை வருகிறான், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு! பெயர் சோல்வே. மினியாபொலிஸ்காரி, பள்ளிக்கூட டீச்சர். நிச்சயம் செய்துகொண்டார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே, நியூ மெக்ஸிகோவுக்கே வந்துவிடலாம் என்று யோசிக்கிறார்களாம்.

என் பிள்ளை வீடு திரும்பப் போகிறான். மினசோட்டாப் பனியில் அவன் கிடந்தது போதும். கடையை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் அக்கடா என்று உட்காருவேன். உட்காருவேனா?

"நீ உக்காந்தா நாற்காலியே பயந்துரும்க்கா" என்கிறான் எலோய்.

செப்டம்பர் 6, சனி

என்ன செய்துவிட்டேன்!

பெண் தங்கம். உயரம், வெள்ளை வெளேர், வாய் திறந்தால் நன்றி. நேராகக் கடையில் உட்காரவைத்தேன். எங்கள் கடையில் மிளகாய் வேண்டுமா என்று யாரிடமும் கேட்பதில்லை. சீஸ் வேண்டுமா என்று மட்டும்தான் கேட்போம். புதுச் சாக்கு மிளகாயில் நல்லதாகப் பொறுக்கி, கறிவடை மேல் தாராளமாகப் போட்டேன்.

"இது காரமா இருக்குங்களா?" என்று கேட்டாள். கேட்கத்தான் கேட்டாள், பாவம்.

"காரமா? காரமே இல்லம்மா. இங்க கொழந்தைங்க சாப்பிடுது."

இதைச் சொல்லாத நியூ மெக்ஸிகோக்காரர் யாராவது இருந்தால் காட்டுங்கள். நாங்கள் பொய் சொல்வதில்லை. எங்களுக்கு நிஜமாகவே தெரியாது.

ஒரு கடி கடித்தாள். முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர். "வித்தியாசமா இருக்குங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்துவிட்டது! உடனே இன்னொன்று போட்டுத் தட்டில் வைத்தேன். "ஐயோ, போதுங்க" என்றாள். நான் விடுவேனா? அதையும் தின்றாள்.

கொஞ்ச நேரத்தில் கடைக்குப் பின்னால், மிளகாய்ச் சாக்கு மேலேயே உட்கார்ந்து, பால் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தீனோ என் மேல் பாய்ந்தான்.

"அம்மா, அவங்க ஊர்ல 'வித்தியாசமா இருக்கு'ன்னா வாயில வைக்க முடியலன்னு அர்த்தம்! மிளகுத் தூளையே காரம்னு சொல்ற வீடும்மா அது!"

"அப்ப வாயத் தெறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல மாட்டாங்க! உயிர் போனாலும் சொல்ல மாட்டாங்க!"

எலோய் வேறு, அடுப்புக் கரண்டியும் கையுமாக வந்து நின்று, "வந்த அன்னிக்கே மருமகளக் கொளுத்திட்டியேக்கா" என்றான். அவனைக் கொளுத்தியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

செவ்வாய் வரை இருப்பதாகச் சொன்னவர்கள் இன்றே கிளம்பிவிட்டார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

தீனோ போன் செய்தான். கிறிஸ்துமஸுக்கு வரவில்லையாம். "கல்யாணத்துக்கப்புறமாவது இங்க வந்துருவீங்கல்ல?" என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றான். பாக்கலாம் என்றால்? அந்தச் சொல்லை நான் என்ன செய்வது, உப்புப் போட்டுத் தின்பதா?

எல்லாம் அந்த இரண்டாவது பர்கரால் வந்தது. முதலாவதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் — மாமியாரா ராட்சசியா? அழுதேன். எலோய் பார்க்காத மாதிரி பர்கர் சுடும் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

நவம்பர் 19, புதன்

இன்று யாரும் போன் செய்யவில்லை. போனை முறைத்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

ஜனவரி 9, வெள்ளி — மினியாபொலிஸ்

பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கடையை எலோயிடம் விட்டு விமானம் ஏறிவிட்டேன். இங்கே குளிரில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் குளிரில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், தாமாகவே!

தீனோவின் காரில் கால் வைக்க இடமில்லை. கசங்கிய செயின் கடைப் பைகள். பாவம், பிள்ளைக்குச் சமைக்க நேரமில்லை போல.

ஜனவரி 10, சனி

சோல்வேயின் அப்பா ஆர்விட் எங்களைத் தன் வழக்கமான மதுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனிதர் பேசுவதற்கு வரி கட்டுகிறவர் மாதிரி இருக்கிறார். இந்த ஊர்ப் பர்கரில் சீஸ் மேலே இல்லை. இரண்டு கறிவடைக்கு நடுவில் வைத்து, ஓரத்தை அமுக்கி மூடிச் சுடுகிறார்கள். வெளியே பார்த்தால் சாது.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் ஆர்விட். மொத்தச் சாப்பாட்டுக்கும் அவர் பேசியது அதுதான்.

"நெருப்புல மிளகா சுடறவ நான். எனக்கே சூடு சொல்லித் தர்றீங்களா?" என்று சொல்லி, வாய் நிறையக் கடித்தேன்.

உள்ளேயிருந்து கொதிக்கிற சீஸ் பீறிக்கொண்டு வந்தது. நாக்கு, மேலண்ணம், உதடு, மோவாய். துப்பவும் முடியாது, சம்பந்தி எதிரே. ஆர்விட் ஐஸ் தண்ணீரை என் பக்கம் தள்ளினார். அவர் மீசைக்குக் கீழே உதடு லேசாக ஆடியது. சிரிப்பா? சிரிப்பேதான்.

ஆறிய பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது. மேலே ஒரு மிளகாய் இருந்தால் இன்னும்… சரி, வாயை மூடு, பெர்ஃபெக்டா பாக்கா.

ஜனவரி 11, ஞாயிறு

பேச முடியவில்லை. எலோய்க்குச் சேதி போய்விட்டது. கடையில் கொண்டாட்டமாம்.

ஜனவரி 12, திங்கள்

சோல்வே லீவு போட்டுவிட்டு எனக்கு ஐஸ்கிரீம் கொண்டுவந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், ஏதோ பூனை மாதிரி சத்தம் வந்தது. நான் பேசாமல் இருந்ததால் அவள் பேசினாள்.

"எனக்குக் கோபமே இல்லங்க. வாய் எரிஞ்சுது, நெஜம். ஆனா ஊருக்கு வந்து ரெண்டு நாள்ல அதே திரும்ப வேணும்போல இருந்தது. எப்ப போலாம்னு நான்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். தீனோதான் வேணாங்கறார்."

என் பிள்ளையா? என் வயிற்றில் பிறந்தவனா?

அவன் வாசலில் கையில் கோட்டோடு நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டுவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வந்தா கடைய என் தலைல கட்டிருவம்மா. எனக்கு அது வேணாம். எனக்கு மிளகாயே பிடிக்காது. சின்ன வயசுலேந்து நீ திரும்பறப்ப அத உருவி மாமா தட்டுல போட்ருவேன்."

எலோய்! துரோகி! கூடவே இருந்து தின்றிருக்கிறான்.

"அந்தச் செயின் கடைல என்னடா இருக்கு?" என்று எப்படியோ உளறிக் கேட்டேன். காரிலிருந்த பைகளெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கின.

"ஒண்ணும் இல்ல. ஆனா நான் கேட்டது கிடைக்கும். ஒண்ணும் போடாமக் குடுங்கன்னா, குடுப்பாங்க. யாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டாங்க."

அவனுக்காகத்தான் அந்தக் கடை என்று சொல்லிச் சொல்லியே நான் நடத்திவந்தேன். அவனை ஒரு தடவையாவது கேட்டேனா? சீஸ் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

எரிகிற நாக்கை வைத்துக்கொண்டு சொன்னேன்: "கடை வேணாம். நீ வா."

அதற்கு மேல் பேச வரவில்லை. வந்திருந்தால் பத்து வார்த்தை சேர்த்து எல்லாவற்றையும் கெடுத்திருப்பேன். தீனோ கோட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சோல்வே ஐஸ்கிரீமில் இன்னொரு கரண்டியைச் செருகி அவனிடம் கொடுத்தாள்.

மார்ச் 21, சனி

சோல்வேக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை உறுதியாகிவிட்டது. தீனோ இங்கே வந்து என்ன வேலை பார்ப்பான் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.

ஜூன் 13, சனி

கல்யாணம் முடிந்து அவர்கள் இங்கே குடிவந்து இரண்டு வாரம் ஆகிறது. தீனோவுக்கு மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, கம்பம் ஏறுகிறான். பள்ளி லீவு என்பதால் சோல்வே எலோயோடு கல்லருகில் நிற்கிறாள், அவன் சொல்வதையெல்லாம் நம்பிக்கொண்டு.

மத்தியானம், கடை நிறையக் கூட்டம். தீனோ வேலைத் தொப்பியோடு உள்ளே வந்தான். வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் என் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

"ஒரு பர்கரும்மா. மிளகா இல்லாம."

வரிசையில் எல்லாத் தலையும் திரும்பியது. எலோய் கரண்டியைத் தூக்கினவன் தூக்கினபடி நின்றான். எனக்கு மூஞ்சி தானாகத் தூக்கிக்கொள்ளப் பார்த்தது. விடவில்லை.

"சீஸ் வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணும்."

நானே கல்லுக்குப் போய்ச் சுட்டேன். இந்தக் கல்லிலிருந்து மிளகாய் இல்லாமல் ஒரு பர்கர் போவது இதுதான் முதல் தடவை. வெறுமையாக, அம்மணமாக இருந்தது. பன்னைச் சட்டென்று மேலே வைத்து மூடிவிட்டேன்.

என் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் தின்றான். எதையும் உருவவில்லை, யார் தட்டையும் தேடவில்லை. முடித்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டே கவுன்டருக்குத் திரும்பி வந்தான்.

"அம்மா, இன்னொண்ணு குடு."

"போச்சு, கடை மானமே போச்சு" என்றான் எலோய்.

"நீ சும்மா இர்றா" என்று சொல்லிவிட்டு, கல்லில் இன்னொரு கறிவடையைப் போட்டேன்.