அம்மா தரையில் விரித்த சமையலறை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், உன் இருமல் விட்டதா என்பதை முதலில் எழுது. வெந்நீர் குடி என்றால் சிரிப்பாய், ஆனாலும் குடி. சமையலறை வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். திங்கட்கிழமைதான் தொடங்குகிறது. இரண்டு வாரம் தள்ளிப்போனதற்குக் காரணம் உன் அம்மா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அம்மா சக்கர நாற்காலிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, இதில் ஒரு நாள்கூட அவள் தன் கையால் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. 'ஒரு டீக்குக்கூட உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்' என்று ஒருநாள் சொன்னாள், உனக்கு நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் சமையலறையை மாற்றத் துணிந்தோம். வடிவமைப்பாளர் பெண் வரைபடத்தோடு வந்து கணினியில் வண்ணப் படமும் காட்டினாள். தாழ்ந்த மேடை, அடியில் கால் நுழைய இடம், நடுவில் பளபளவென்று தனியாக ஒரு மேடை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் அதைச் சொல்ல வெட்கப்பட்டு 'பிரமாதம்மா' என்றுவிட்டேன். அவள் படியிறங்கியதும் அம்மா பிடித்துக்கொண்டாள். 'மந்திரியையெல்லாம் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்ட ஆளு, இந்தப் பொண்ணுகிட்ட வாயே திறக்கலையே' என்றாள்.

மறுநாள் காலை அம்மா பழைய பத்திரிகைக் கட்டுகளை இறக்கச் சொன்னாள். வரைபடத்திலிருந்து அவள் அளவு படிக்கப் படிக்க, நான் அளவு டேப் பிடித்துத் தாள்களை வெட்டிக் கூடத்துத் தரையில் ஒட்டினேன். அடுப்பு மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, ஃப்ரிட்ஜ், நடுமேடை எல்லாம் அசல் அளவில். நிருபராக இருந்தபோது நான் எழுதிய வெள்ளச் செய்தி ஒன்று தொட்டிக்குப் போயிற்று, 'பொருத்தமாத்தான் இருக்கு' என்று அதற்கும் அம்மாவிடமிருந்து ஒரு குத்து. பிறகு நாற்காலியை உள்ளே ஓட்டினாள். ஃப்ரிட்ஜிலிருந்து அடுப்புப் பக்கம் திரும்பும்போது சக்கரம் நடுமேடைத் தாளின் மேல் ஏறியது. மூன்று முறை முயன்றாள், மூன்று முறையும் தாள் கிழிந்தது. கட்டி முடித்த பிறகென்றால் அது கல்.

தவறு அந்தப் பெண்ணுடையது மட்டுமல்ல. அவள் கால் மடக்கி உட்காரும் சாதாரண சக்கர நாற்காலிக்குக் கணக்குப் போட்டிருந்தாள். அளவெடுக்க வந்த அன்று அம்மா கட்டிலில் இருந்தாள், இடது கால் மடங்காமல் முன்னால் நீண்டிருக்கும் என்பதை நாங்கள் சொல்லவே இல்லை, படித்தவர்களுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டோம். அவளை மறுபடி கூப்பிட்டபோது கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிடுவாளோ என்று நான் பயந்தேன். அம்மா பயப்படவில்லை. 'படம் அழகா இருக்கும்மா, ஆனா நான் உள்ளே மாட்டிக்கிறேன், பாரு' என்று ஓட்டியே காட்டினாள். அம்மா கட்டிலுக்கு மாறியதும் அந்தப் பெண் தானே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஓட்டிப் பார்த்தாள், மிச்சமிருந்த தாளும் கிழிந்தது. 'இதை நான்ல முதல்லயே கேட்டிருக்கணும்! காலையில எழுந்ததும் முதல்ல எதைம்மா எடுப்பீங்க? அங்கேருந்து சொல்லுங்க' என்றாள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். புரியாத கோட்டையெல்லாம் அம்மா விரல் வைத்து இது என்ன, இது எதுக்கு என்று கேட்டாள், அவளும் சலிக்காமல் சொன்னாள். நடுமேடை போய்விட்டது. புதிய வரைபடத்தையும் தாளில் விரித்தோம், அம்மா எங்கும் இடிக்காமல் ஒரு வட்டம் அடித்தாள். அப்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்று புது வரைபடத்தில் கையெழுத்து. பேனாவை என் பக்கம் நீட்டாமல் அந்தப் பெண் நேராக அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் அளவாகப் படித்தாள், இருபது நிமிடம் ஆயிற்று, யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதினாள். எத்தனையோ பெரிய மனிதர்கள் கையெழுத்திடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், இவ்வளவு பெருமையாக நின்றதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, நீ மாற்றப்போவதாக எழுதியிருந்த உன் குளியலறையின் வரைபடம் வந்ததும் சரியென்று சொல்லுமுன் அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பு. டேப்பை இப்போது அவள்தான் வைத்திருக்கிறாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா