வான்கோழிக் குரலுக்கு வந்தவன்

பென்சில்வேனியா, நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் இடுப்புவலி தேவலையா? விறகு வந்து சேர்ந்ததா? நான் நலம்.

சனிக்கிழமை, மரம் அறுக்கும் ஆலையில் என்னோடு வேலை செய்யும் டுவைட்டுடன் வான்கோழி வேட்டைக்குப் போனேன். கோழிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, அவை திரும்பச் சேரும்வரை மறைந்திருக்க ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். ஈர இலையில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தேன். துப்பாக்கி மேலேயே தங்கிவிட்டது. காலை ஊன்ற முடியவில்லை. கத்தியது காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில், வான்கோழியை அழைக்கும் ஊதலை எடுத்து ஊதினேன். முதலில் கோழிகள்தான் வந்தன, கைக்கெட்டும் தூரத்துக்கு. பார்த்துக்கொண்டே கிடந்தேன். பிறகு டுவைட் வந்தான், துப்பாக்கியை என் தலைக்கு நேரே நீட்டியபடி.

"சுடாதடா, நான்தான் வெர்னன்!"

"அடப்பாவி! நல்லாக் கொழுத்த கோழின்னுல்ல நெனச்சேன்!" என்று சிரித்தவன், அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான். பிறகு என்னைச் சுமந்துவந்து மருத்துவமனையில் சேர்த்தான்.

வெறும் சுளுக்குதான். மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். நன்றித் திருநாள் விருந்துக்கு வீட்டுக்கு வர முடியாது போலிருக்கிறது. அப்பாவின் கைத்தடியை அனுப்புங்கள். கம்பளிக் காலுறை ஒற்றை போதும். விடுதித் தொலைபேசி கீழே இருக்கிறது. மணி அடிப்பது கேட்கிறது, இறங்கத்தான் முடிவதில்லை. அதனால் கடிதமே எழுதுங்கள், கொஞ்சம் நீளமாக.

தபால்காரர் வந்துவிட்டார்.

உங்கள்
வெர்னன்